எரிமலைக் கேணியில் பற்றாத கற்பூரம்

இது நடந்து மூன்று வருடமாகிறது. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் என் கணவரும் ஒரு யூன் மாதம் ஜெர்மனிக்குச் சைக்கிள் ஓடப் போனோம். சைக்கிள் என்றால் கடைத்தெருவுக்குப் போய் வருகிற ஓட்டமில்லை. பைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து நாள், ஊர் ஊராக, மலைக்குள்ளே. ஐம்பது தாண்டின வயதில் உங்களுக்கு இது தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நானும்தான் கேட்டேன். என்னுடைய கேள்வியை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

எல்லாத்துக்கும் காரணம் இவருடைய சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. இருபத்திரண்டு வருடம் கடையில் நின்றே காலத்தை ஓட்டியவர். இப்படியே இருந்தால் காலைக் கழற்ற வேண்டி வரும் என்று டொக்டர் வெருட்டிய பிறகு கடையை விற்றார், ஒரு சைக்கிள் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதிலேயே குடியிருந்தார். ஒருநாள் பின்னேரம் குறொய்டன் பக்கம் போய்விட்டு வரும்போது ஒரு வான் வண்டியின் பக்கக் கண்ணாடி முழங்கையில் உரசிவிட்டது. கை முழுக்க இரத்தம். வாசலில் நின்றுகொண்டு சிரிக்கிறார், ஒன்றுமில்லையாம்.

"இனி வாகனம் ஓடுற ரோட்டில நீங்கள் சைக்கிள் ஓடினால் நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்," என்றேன். சைக்கிளை விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். இவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். வாகனமே ஓடாத ரோட்டைத் தேடத் தொடங்கிவிட்டார்.

கண்டும் பிடித்தார். ஜெர்மனியின் மேற்கே ஐஃபெல் என்று ஒரு மலைப்பகுதி. முந்தி அங்கே ரயில் ஓடிய பாதையில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான் அந்தப் பாதை, காருக்கு இடமில்லை. ரயிலுக்காகப் போட்ட வழி என்பதால் மலை என்றாலும் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். இவர் லண்டனுக்கு வருமுன் ஒன்பது வருடம் ஜெர்மனியில் இருந்தவர், முதல் வருடம் இருந்த அகதி விடுதி அந்த மலைக்குக் கிட்டத்தான். அதனால் ஜெர்மன் மொழி தண்ணிபட்ட பாடு. நான் கலியாணம் முடித்து நேரே லண்டனுக்கு வந்தவள். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

படத்தைக் காட்டினார். மலைகளுக்கு நடுவில் வட்ட வட்டமாக ஏரிகள். எரிமலை வெடித்த பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தவையாம்.

"எரிமலையோ?" என்றேன்.

"பத்தாயிரம் வருசமா நித்திரை கொள்ளுது. எங்களைப் பாத்து எழும்பாது, பயப்பிடாதையும்."

நான் கொஞ்சம் கடவுள் பக்தி கூடின ஆள். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், இவர் வேறு மாதிரிச் சொல்வார். எந்தப் பயணமென்றாலும் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். கார் வாங்கினபோதும் அப்படித்தான், மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனபோதும் அப்படித்தான். ஆகவே என் பையில் கட்டுச்சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில் நான்கு தேசிக்காயும் ஒரு சின்ன டப்பாவில் கற்பூரமும் இருந்தன.

ரயிலில் போய் இறங்கி, மலையடிவாரத்தில் ஒரு கடையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். எனக்கு மின்சாரத்தில் ஓடுகிறது, இவருக்குச் சாதாரணமானது. நான் குனிந்து நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்ததைக் கடைக்காரப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. கற்பூரத்தை எடுத்தபோது இவர் என் கையைப் பிடித்துவிட்டார். கடைக்குள்ளே நெருப்பு வேண்டாமாம், மானம் போகுதாம், பிறகு வழியில் கொளுத்தலாமாம். சரியென்று தேசிக்காயை மட்டும் நசித்துக்கொண்டு புறப்பட்டோம். அந்தக் குறை என் மனதில் முள்ளு மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது.

முதல் நாள் எனக்கு உண்மையிலேயே சொர்க்கம். ஒரு ஹோர்ன் சத்தம் இல்லை, பஸ் புகை இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கதைத்துக்கொண்டே ஓடினோம். லண்டனில் அப்படி ஓடினால் யாராவது கண்ணாடியை இறக்கி ஏசுவார்கள். பழைய ரயில் சுரங்கத்துக்குள் இவர் வேண்டுமென்றே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், எதிரொலி வர இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம். ஒரு வாகனத்தைக்கூடக் காணவில்லை என்று மகளுக்குப் பெருமையாகச் செய்தி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் காலை வெள்ளன வெளிக்கிட்டோம். காற்றே இல்லை. பள்ளத்தாக்கில் பனிப் புகார் அப்படியே படுத்துக் கிடந்தது. இரவு நான் கழுவிப் போட்ட இவருடைய ஜாக்கெட் காயவில்லை, அதை என் சைக்கிள் கைபிடியில் போட்டுக்கொண்டு போனேன். மோட்டர் உதவியில் நான் முன்னால், இவர் பின்னால்.

பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, மரங்களுக்கு நடுவில் ஒரு கேணி தெரிந்தது. கேணி என்றே சொல்கிறேன், ஏனென்றால் கோயில் கேணியேதான். நாலு பக்கமும் கல்லுக் கட்டி, கீழே இறங்க ஒன்பது பத்துப் படி. அடியில் தண்ணீர் குமுகுமு என்று கொதிக்கிற மாதிரிப் பொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் ஆவி இல்லை. கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒருமுறை போயிருக்கிறேன், அதுதான் நினைவுக்கு வந்தது. பூமிக்குள்ளிருந்து தானாகப் பொங்குகிற தண்ணீர் என்றால் எங்களுக்குத் தீர்த்தம்தானே. நேற்றுக் குறையாய்ப் போன கற்பூரத்தை இங்கேயே கொளுத்தலாம் என்று முடிவெடுத்துவிட்டேன். சைக்கிளைச் சாத்திவிட்டு, ஈர ஜாக்கெட்டை முதலில் கண்ட கம்பத்தில், அதன் பின்பக்கத்தில் நின்றபடியே எறிந்து விரித்துவிட்டேன். முன்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இவர் வந்து சேர்ந்தார். "இதுவும் கோயிலோ உமக்கு?" என்று சிரித்தார். மறுக்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வழக்கமாக ஒரு பிரசங்கம் வைப்பார்.

நான் படியால் இறங்கினேன். கீழே போகப் போக, சோடாப் போத்தல் உடைக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த மாதிரி ஒரு கார்ப்பு. ஊற்றுத் தண்ணியின் குணம் என்று நினைத்தேன். தண்ணீருக்கு மேலே இருந்த படியில் கற்பூரத்தை வைத்து நெருப்புக்குச்சியைத் தட்டினேன். உயர்த்திப் பிடித்தபோது பற்றியது. கற்பூரத்துக்குக் கிட்டக் கொண்டுபோனதும் அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. நாலாவது குச்சியும் போனபோது எனக்குத் தலை இலேசாகச் சுற்றியது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

"காத்து ஒரு பொட்டும் இல்லை, ஏன் பற்றுதில்லை?" என்று கேட்டேன்.

"தாரும், நான் பாக்கிறன்," என்று லைட்டரை எடுத்துக்கொண்டு இவர் இறங்கினார். கடைசிக்கு முந்தின படியில் குந்தியிருந்து, நன்றாகக் குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு லைட்டரைத் தட்டினார். டிக், டிக் என்று சத்தம் மட்டும் கேட்டது. நெருப்பு வரவில்லை. இன்னும் குனியுங்கோ, இன்னும் கிட்டப் பிடியுங்கோ என்று மேலே நின்று சொன்னவள் நான்தான்.

பிறகு எனக்குப் பயம் வந்தது. அது வேறு பயம். கடவுள் ஏற்கவில்லை, எங்களில் ஏதோ குறை இருக்கிறது என்ற பயம். இவர் தலையை நிமிர்த்தினார். முகம் முழுக்கச் சிவந்து வேர்த்திருந்தது, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. முப்பது வருடம் குடும்பம் நடத்திய எனக்கு அந்த முகத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கள்ளம் பிடிபட்ட முகம்.

"என்னட்ட என்ன மறைக்கிறியள்?" என்று கேட்டேன்.

விட்டு விட்டுத்தான் சொன்னார். "கோவிக்காதையும்... கனடாவில பெரியப்பா... நாங்கள் வெளிக்கிடுறதுக்கு முதல் நாள்... செத்துப் போனார்."

எனக்கு உச்சந்தலையில் நெருப்புப் பற்றின மாதிரி இருந்தது. இவருடைய அப்பாவின் கூடப்பிறந்த தமையன். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, கற்பூரம் தொடவே கூடாது. சொன்னால் நான் பயணத்தை நிற்பாட்டுவேன் என்று தெரிந்து, என் போனில் சொந்தக்காரர் குழுவின் சத்தத்தை அணைத்துவைத்து, மூன்று நாளாக ஒன்றும் நடக்காத மாதிரி என்னோடு சிரித்துக்கொண்டு வந்திருக்கிறார். சுரங்கத்துக்குள் என் பெயரைக் கூப்பிட்டுச் சிரித்ததும் நடிப்புத்தானா என்று நினைத்தேன்.

நான் பேசத் தொடங்கினேன். என்ன பேசினேன் என்று முழுதாக எழுத மாட்டேன். ஏன் சொல்லேல்லை, என்னை மனிசியாய் மதிச்சனீங்களோ, துடக்கோட தீர்த்தத்தில கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டியளே என்று வாய்க்கு வந்ததெல்லாம். இவர் எழும்பப் பார்த்தார். முழங்கால் மடங்கி மறுபடி படியில் இருந்துவிட்டார். ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி, இருக்கட்டும் என்று நினைத்தேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோபம் வந்தால் நான் அப்படித்தான் நிற்பேன், இவருக்கும் அது தெரியும்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அரை நிமிடம், ஒரு நிமிடம். லைட்டர் கல்லில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. திரும்பினேன். இவர் படியில் சரிந்து, ஒரு கை தண்ணீருக்குள் தொங்க, கண் பாதி திறந்தபடி கிடந்தார்.

சீனி இறங்கிவிட்டதென்றுதான் முதலில் நினைத்தேன். இனிப்பு எடுக்க வேண்டும், அதற்கு முதல் தூக்க வேண்டும் என்று படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வயதான வெள்ளைக்காரர் ஒருவர். கூட வந்த நாய் தூரத்தில் இருந்தபடியே குரைத்தது, கேணிக்குக் கிட்டவே வரவில்லை. அவர் என்னவோ கத்தினார், ஒன்றும் விளங்கவில்லை. என் மனிதன் கீழே கிடக்கிறார், இந்த ஆள் என்னைப் போக விடாமல் பிடிக்கிறான். அவர் கையில் கடித்தேன். உண்மையாகவே பல் பதியக் கடித்தேன். அப்போதும் அவர் விடவில்லை. என்னைப் புல்லில் அழுத்தி இருத்தி, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, அசையாதே என்கிற மாதிரிக் காட்டினார்.

பிறகு அவர் செய்ததைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, குளத்தில் சுழியோடுகிறவர் மாதிரி அந்தப் படியால் இறங்கினார். இவருடைய கமக்கட்டில் கையைக் கொடுத்து இழுத்தார். இரண்டு படிதான் ஏற்ற முடிந்தது. விட்டுவிட்டு மேலே ஓடி வந்தார், குனிந்து நின்று மூச்சு வாங்கினார். தண்ணீருக்குள் இறங்காமலே இந்த மனிதன் ஏன் மூச்சடக்குகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. கீழே மூச்சு விடக் காற்று இல்லை.

இரண்டாம் முறை நாய் கட்டுகிற வாரைக் கொண்டு இறங்கினார். அது நீளமான தோல் வார். இவருடைய நெஞ்சைச் சுற்றிப் போட்டு, மற்ற நுனியை மேலே என்னிடம் எறிந்தார். நான் இழுத்தேன், அவர் கீழிருந்து தள்ளினார். என் வாழ்க்கையில் அப்படி ஒன்றை நான் இழுத்ததில்லை. உள்ளங்கை கிழிந்தது தெரியவில்லை. எண்பத்தைந்து கிலோ மனிதர் படிப்படியாக மேலே வந்தார். புல்லில் கிடத்தியபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். நான் கடைசியாகச் சொன்னது என்ன என்று நினைத்துப் பார்த்தேன், சொல்லக்கூடிய ஒரு நல்ல சொல் அதில் இல்லை.

அந்தப் பெரியவர் இவருடைய தாடையை நிமிர்த்தி, வாயில் வாய் வைத்து ஊதினார். நாலைந்து முறை. திடீரென்று இவர் பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தார். இருமினார், சத்தி எடுத்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அழவில்லை. கையால் இவருடைய வாயைத் துடைத்துவிட்டேன்.

பெரியவர் போனில் கதைத்துவிட்டு, இவருக்குக் குளிரக் கூடாதென்று கம்பத்தில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்தார். ஈரமென்று கண்டு அதைக் கீழே போட்டுவிட்டுத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். ஜாக்கெட் கழன்ற இடத்தில் ஒரு பலகை இருந்தது.

மேலே ஜெர்மன் மொழியில் நாலு வரி. கீழே ஒரு படம். படிக்கட்டு, அதன் அடியில் விழுந்து கிடக்கும் ஒரு மனிதன். பக்கத்தில் அணைந்த மெழுகுதிரி. அதை வாசிக்க எந்த மொழியும் தேவையில்லை. ஜெர்மன் தண்ணிபட்ட பாடான என் மனிதர் வருமுன், நான் போய் அதை என் கையாலேயே மூடி வைத்திருந்தேன்.

அம்புலன்ஸ் வரவில்லை. வரவில்லை என்றால், பாதை வரை வந்தது, உள்ளே வர முடியவில்லை. வாகனம் போகாதபடி இரும்புத் தூண் நட்டிருந்தார்கள். நேற்று மகளுக்குப் பெருமையாக எழுதினேனே, அதே பாதை. தூக்குப்படுக்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஓடி வந்து சேரும்வரை, ஒரேயொரு வாகனத்தின் சத்தம் கேட்காதா என்று ஏங்கினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். எரிமலை நித்திரைதான், ஆனால் மூச்சு விடுகிறதாம். தண்ணீரைப் பொங்க வைப்பது அந்த வாயுதான். நிறமில்லை, காற்றை விடப் பாரம். காற்றடிக்கிற நாளில் கலைந்துவிடும். அசைவில்லாத காலைகளில் பள்ளத்துக்குள் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். முதலில் நெருப்பை அணைக்கும், பிறகு ஆளை. அந்த ஊர்க்காரர் நிலவறைக்குள் இறங்குமுன் மெழுகுதிரி பிடித்துப் பார்ப்பார்களாம். நாங்களும் பார்த்தோம் என்று நினைத்தேன். நாலு குச்சியும் ஒரு லைட்டரும் கொண்டு பார்த்தோம், அது சொன்னதைத் தெய்வக் குற்றமாக்கினேன்.

இவர் ஒட்சிசன் மூடிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். "பாழ்க்கிணத்துக்க இறங்க முன்னம் எங்கட ஆக்களும் விளக்கு விட்டுப் பாக்கிறவையெல்லே. ரெண்டு பேருக்கும் நினைப்பு வரேல்லைப் பாரும்."

வந்திருக்க வேண்டும். எனக்கும் அது தெரிந்த விஷயம்தான். சகுனம் பார்க்கிற அவசரத்தில் மறந்துபோனேன்.

அடுத்த நாள் காலையில் அந்தப் பெரியவர் பார்க்க வந்தார். கையில் துணி கட்டியிருந்தது. நான் எழும்பி நின்று அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். மன்னிப்பை இவர் ஜெர்மனில் சொன்னார். பெரியவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். தன் நாய்கூட இதுவரை தன்னைக் கடித்ததில்லையாம். எனக்கு வெட்கமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதேன்.

மிச்ச மூன்று நாளும் ஓடவில்லை. லண்டனுக்கு வந்து, கனடாவுக்குப் போன் எடுத்துப் பெரியம்மாவோடு கதைத்து அழுதோம். முப்பத்தோராம் நாள் கழித்து வீட்டில் கற்பூரம் கொளுத்தினேன். ஒரே குச்சியில் பற்றியது. இவர் கும்பிடக் குனிந்தபோது நான் சாமியைப் பார்க்கவில்லை, இவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சைக்கிள் இப்போதும் ஓடுகிறார். நானும் ஓடுகிறேன். பலகை என்று எதைக் கண்டாலும் இறங்கி நின்று வாசிக்கிறேன், பூங்காவில் நாய் கொண்டுவராதே என்கிற பலகையைக்கூட. இவர் பகிடி பண்ணுவார், பண்ணட்டும். மறைத்ததற்கு எனக்கு அவரில் இன்னும் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மூச்சுக்குத் தவித்துச் சிவந்த முகத்தைப் பார்த்து, முப்பது வருடம் கூட வாழ்ந்த நான் கேட்டது "என்ன மறைக்கிறியள்?" என்றுதான். இப்போதெல்லாம் இவர் முகம் மாறினால், எவ்வளவு கோபமாக இருந்தாலும், அதற்கு முதல் "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுவிடுகிறேன், அன்றைக்கு அந்தப் படியில் கேட்கத் தவறிய கேள்வி அது.